மிச்சம் பதினோரு புள்ளி

டிசம்பர் முப்பத்தொன்றோடு காலாவதி
என்றது குறுஞ்செய்தி.
பெராய் அடுக்குமாடியில், பதினான்காம் மாடியில்,
அரிசி களைந்த ஈரக்கையோடு படித்தேன்.
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்.
நான்கு வருடத்து அரிசி, டயப்பர், சார்டின் டின்,
லோகன் வேனுக்கு ஊற்றிய பெட்ரோல்,
அப்புறம் இன்னொன்று.
அதைப் பிறகு சொல்கிறேன்.

அத்தனைக்கும் சேர்த்துக் கிடைத்தது
பத்து ஃபிரிங்கியில் ஓர் அறை, ஓர் இரவு,
பசியாறல் இருவருக்கு மட்டும்.
நாங்கள் நால்வர்.

மின்சார பில்லின் முதுகில் லோகன் கணக்குப் போட்டார்.
ஃபெரி. நூற்றொன்றாம் நம்பர் பஸ்.
தேசியப் பூங்காவில் படகுக்கு நூறு வெள்ளி.
அதை மட்டும் இரண்டு கோடு போட்டு அடித்தார்.
"காலு எதுக்கு இருக்கு?"

காலையில் கூப்பனை வாங்கிய பணிப்பெண்
எங்கள் தலைகளை எண்ணினாள்.
எண்ணி முடித்துவிட்டு
காப்பி இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
நான்கு பன்னை டிஷ்யூவில் சுற்றிப் பையில் போட்டேன்,
மதியத்துக்கு.
தெலுக் பாஹாங் காட்டுக்குள் கால் மணி நேரம்கூட நடக்கவில்லை,
குரங்கு வந்து
ஸிப்பைத் திறந்து
(கிழிக்கவில்லை, திறந்து)
நான்கையும் கொண்டுபோனது.
"விடு, நமக்கும் அது ஓசிதானே" என்றார் லோகன்.

வேர்களில் ஏறி இறங்கி ஒன்றரை மணி நேரம்.
மேலே நன்னீர், கீழே உப்புநீர்,
இரண்டும் கலக்காத ஏரி என்று
திவியாஷினி பள்ளியில் படம் வரைந்து
மார்க் வாங்கியிருந்தாள்.
கெராச்சுட்டில் பலகை இருந்தது.
ஏரி இல்லை.
வெடித்த சேறு, ஒரு செருப்பு, கொக்குக் காலடி.
மழை பெய்தால் வருமாம்.
"அப்போ நம்ம வரமாட்டோமே" என்றாள்,
அழவில்லை.

சிமெண்டுத் தொட்டியில் ஆமைக் குஞ்சுகள்
சுவரைப் பார்த்தே நீந்திக்கொண்டிருந்தன.
கவினேஷ் கேட்டான்:
"இதுங்க யாரோட புள்ளில வந்துச்சும்மா?"

சிரித்தேன். சிரித்த வாய் மூடவில்லை சிறிது நேரம்.

மூன்றாம் நம்பர் கவுண்டரில்
ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கிறேன்,
காட் இருக்கா, காட் இருக்கா.
ஒரு மழைநாளில் ஊதுபத்தியும் ஆரஞ்சும் வாங்கிய சீனத்து அம்மா
"என்னிடம் எதற்கு? நீ எடுத்துக்கொள் பெண்ணே" என்றார்.
என் அட்டையைக் காட்டினேன்.
பீப்.
அவர் சொல்லிக் கொடுத்தது அது.
அடுத்தவர்கள் சொல்லவில்லை.

பால்மாவு டின்னுக்குச் சில்லறை எண்ணிய பையன்,
தொழுகைக்கு நேரமாகிறதென்று பறந்த தாத்தா,
பூனைக்கு மட்டும் சாமான் வாங்கும் செவிலி,
எல்லோரும் அந்தக் கடற்கரையில்
ஆளுக்கொரு பிடி மணல்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.
நான் மட்டும் பார்த்தேன்.
லோகன் சவுக்கு நிழலில் தூங்கினார்,
வேன் சாவி உள்ளங்கையில்,
வாய் திறந்து,
பகல் வெளிச்சத்தில் அந்த முகத்தை
எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.
எழுப்பவும் இல்லை.
பிள்ளைகள் அலையோடு ஏதோ சண்டை.

திங்கட்கிழமை.
தள்ளுவண்டி நிறைய டயப்பர், எண்ணெய், அரிசி.
இருநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
காட் இருக்கா?
இல்லை.
சட்டைப் பையில் என் அட்டை,
மூலையில் இன்னும் மணல்.
"போன் நம்பர் சொன்னா போதும்க்கா,
இப்பவே ஒண்ணு திறந்து தரேன்."
அவள் வேண்டாமெனக் கையை ஆட்டினாள்,
பில்லைக்கூட வாங்காமல் போனாள்.
டிராயர் மூடியது.

அடுத்தவர் முட்டைத் தட்டை
மெதுவாக மேசைமேல் வைத்தார்.